கொடியிறக்கத்தையும் பார்க்க வேண்டும்

குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா முடிந்த மறுநாள், நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் வாணவேடிக்கைப் படம் பெரிதாக வந்துவிடுகிறது. நிறைவு விழாவுக்கு ஒரு மூலையில் நான்கு வரி கிடைத்தால் அதுவே அதிகம். எங்கள் பக்கத்துக் கோவில் திருவிழாக்களிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். கொடியேற்றத்துக்கு ஊர் கூடும். தேருக்கு பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வடம் பிடிப்பார்கள். கொடியிறக்கத்தன்று குருக்களும் மேளக்காரர்களும் கட்டளைதாரர் வீட்டார் சிலரும் மட்டும் நின்றுகொண்டிருப்பார்கள். ஆனாலும் கொடியை இறக்காமல் எந்தத் திருவிழாவும் முடிந்ததாகக் கணக்கில்லை. ஒலிம்பிக்கையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். நடத்தும் நாடு தன்னைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல விரும்புவதையெல்லாம் தொடக்க விழாவில் சொல்லிவிடுகிறது. இடையில் நடந்தவற்றுக்கு அது எப்படி முகம் கொடுக்கிறது என்பதை அறிய நிறைவு விழா வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் விடியற்காலை வெளியே தலைகாட்ட முடியாதபடி குளிரும் என்பதைத் தவிர, உறைபனிக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆயினும் இந்த விழாக்களை உற்றுக் கவனிக்க எனக்குத் தொழில்முறைக் காரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரலை யாராவது எடுத்துப் பார்த்தால், அது ஒலிம்பிக் தொடக்க விழாவை அப்படியே சுருக்கி எழுதியது என்பது தெரிந்துவிடும். தேசியக் கொடிக்குப் பக்கத்தில் ஐந்து வளையக் கொடி ஏறும். அணிகள் தத்தம் வண்ணக் கொடியோடு சிறப்பு விருந்தினரைக் கடந்து செல்லும். சென்ற ஆண்டு மாவட்ட அளவில் வென்ற மாணவர்கள் ஜோதியைக் கைமாற்றி எடுத்து வருவார்கள். மாணவர் தலைவர் உறுதிமொழி வாசிப்பார். புறா கிடைத்தால் புறா பறக்கும், கிடைக்காவிட்டால் பலூன் பறக்கும்.

அந்த ஜோதியைச் செய்வது என் பொறுப்பு. பெயிண்ட் தகர டப்பா ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, மண்வெட்டிக் காம்பில் ஆணியடித்துப் பொருத்தி, பழைய வேட்டித் துணியை இறுக்கிச் சுருட்டி உள்ளே திணிக்க வேண்டும். முன்பெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றுவோம். இப்போது ரேஷனில் அது கிடைப்பது அரிதாகிவிட்டதால் டீசலைக் கலக்கிறோம். டீசல் சட்டென்று பற்றாது, பற்றினால் கரும்புகை கிளம்பும், ஓடும் பையனின் வெள்ளைச் சட்டையில் கரி படியும். காம்பைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சூடான எண்ணெய் கையில் வழியும் என்பதால், ஓடுவதைவிடப் பிடிப்பதற்குத்தான் அதிகம் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு ஏற்றும் தீ, மதியத்துக்குள் யாரும் கவனிக்காமலே அணைந்துவிடும். மாலையில் பரிசளிப்பு நீளும். விருந்தினர் இன்னொரு விழாவுக்குக் கிளம்பிவிடுவார். ஷாமியானாக்காரர் பின்வரிசை நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிடுவார். தேசிய கீதத்தோடு கூட்டம் கலையும். நாங்கள் ஒலிம்பிக்கின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறைவை விட்டுவிட்டோம் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு.

குளிர்கால ஒலிம்பிக்கின் வரலாறோ ஒரு நிறைவு விழாவை வைத்தே தொடங்குகிறது என்று சொல்லலாம். 1924 ஜனவரி 25 அன்று பிரான்ஸின் ஷாமோனி என்ற மலைச் சிற்றூரில் பதினாறு நாடுகளின் வீரர்கள், தோளில் பனிச்சறுக்குப் பலகைகளையும் கையில் ஹாக்கி மட்டைகளையும் சுமந்தபடி அணிவகுத்தார்கள். பிரெஞ்சு வீரர் கமில் மாந்திரியோன் உறுதிமொழி எடுத்தார். அப்போது அதற்கு ஒலிம்பிக் என்ற பெயரே இல்லை. சர்வதேசக் குளிர்கால விளையாட்டு வாரம் என்றுதான் அழைத்தார்கள். முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என்ற தகுதி 1926-ல்தான் பின்னோக்கி வழங்கப்பட்டது. ஆக, அந்தத் தொடக்க விழாவில் நடந்து சென்ற எவருக்கும் தாம் எதைத் தொடங்கி வைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிப்ரவரி 5 அன்று நடந்த நிறைவு விழாவில், நவீன ஒலிம்பிக்கின் நிறுவனர் பியர் த கூபெர்த்தேன், போட்டியிலேயே கலந்துகொள்ளாத சிலருக்குப் பதக்கம் வழங்கினார். 1922-ல் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்று உச்சியை எட்டாமல் திரும்பிய பிரிட்டிஷ் குழுவுக்கான மலையேற்றப் பதக்கங்கள் அவை. குழுவின் துணைத் தலைவர் எட்வர்ட் ஸ்ட்ரட் அவற்றைப் பெற்றுக்கொண்டு, ஒரு பதக்கத்தை எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டு செல்வதாக வாக்களித்தார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் புதையுண்டு இறந்தவர்கள் ஏழு பேர். எழுவரும் டார்ஜிலிங்கில் இருந்து புறப்பட்ட குழுவின் சுமைகளைத் தூக்கிச் சென்றவர்கள். அந்தக் கௌரவத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஸ்ட்ரட் கொடுத்த வாக்கு நிறைவேறியது 2012-ல். பிரிட்டிஷ் மலையேறி கென்டன் கூல், அக்குழுவினர் ஒருவரின் குடும்பத்திடமிருந்து பதக்கத்தைக் கடனாக வாங்கி உச்சிவரை எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்தார். குளிர்கால ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் இந்தியாவுக்கு நேராக இன்றுவரை ஒன்றும் இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் முதல் நிறைவு விழாவிலேயே இமயத்தின் பெயர் ஒலித்திருக்கிறது.

கோடைக்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவுக்கும் குளிர்காலத்தின் தொடக்க விழாவுக்கும் உள்ள முதல் வேறுபாடு குளிர்தான். ஆடுபவர், பாடுபவர், பார்ப்பவர் எல்லோரும் உறைநிலைக்குக் கீழே பல மணி நேரம் இருந்தாக வேண்டும். 2018-ல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் 35,000 பேர் அமரக்கூடிய ஐங்கோண அரங்கைக் கூரையில்லாமல் கட்டினார்கள். ஒலிம்பிக்குக்கு இரண்டு விழா, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்குக்கு இரண்டு விழா. நான்கும் முடிந்ததும் பிரித்துவிடப் போகும் அரங்குக்குக் கூரை எதற்கு என்பது அவர்கள் கணக்கு. பார்வையாளர்களுக்குப் போர்வை, தொப்பி, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் எல்லாம் இருக்கையிலேயே வைத்திருந்தார்கள். அந்தக் குளிரிலும் டோங்கா நாட்டின் பீட்டா தவுஃபதோஃபுவா, மேல்சட்டை இல்லாமல் உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, கொடியோடு சிரித்தபடி நடந்து வந்தார். எங்கள் பிள்ளைகள் அணிவகுப்பு ஒத்திகையின்போது வெயிலைக் காரணம் காட்டினால், அந்தக் காணொளியைக் காட்டிவிடுவது என் வழக்கம்.

குளிரைத் தாங்கிக்கொண்டதோடு நிற்காமல், அதையே விழாவின் பொருளாக்கியவர்கள் நார்வேக்காரர்கள். 1952 ஒஸ்லோ போட்டிக்கான தீயை அவர்கள் கிரேக்கத்திலிருந்து கொண்டுவரவில்லை. நவீனப் பனிச்சறுக்கின் முன்னோடியான சோன்ட்ரே நோர்ஹெய்ம், மோர்கெடால் என்ற ஊரில் வாழ்ந்த வீட்டின் அடுப்பில் ஏற்றி, பனிச்சறுக்குப் பலகைகளின் மேலேயே தலைநகருக்கு எடுத்து வந்தார்கள். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜின் இறுதிச் சடங்குக்காக நார்வே மன்னர் லண்டன் சென்றிருந்ததால், அவருடைய பேத்தி இளவரசி ராக்ன்ஹில்ட் போட்டியைத் தொடங்கி வைத்தார். ஒலிம்பிக்கைத் தொடங்கி வைத்த முதல் பெண் அவர்தான். 1994-ல் லில்லஹாமரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். விழா நடந்ததே பனிச்சறுக்குத் தாண்டல் மைதானத்தில். உயரத்திலிருந்து சறுக்கி வந்து, எரியும் ஜோதியைக் கையில் பிடித்தபடி காற்றில் பறந்து இறங்க வேண்டும் என்பது திட்டம். அதற்குத் தேர்வான வீரர் ஒத்திகையில் விழுந்து காயப்பட்டுவிட, மாற்று வீரராக இருந்த ஸ்டைன் குரூபன் அதைச் செய்தார். இருட்டில் வெண்சரிவுக்கு மேலே ஒரு சிறு தீ மட்டும் வளைந்து இறங்கும் அந்தச் சில நொடிகளுக்கு இணையாக, பின்னால் வந்த கணினி வண்ண ஒளிகள் எவற்றையும் என்னால் சொல்ல முடியாது. பியோங்சாங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரோன்கள் வானில் வரைந்த பனிச்சறுக்கு வீரரின் உருவம் அழகுதான். ஆனால் அது விழாவுக்கு முன்பே பதிவு செய்யப்பட்டது என்று தெரிந்ததும் பாதி சுவை போய்விட்டது.

நேரில் நடப்பவற்றில் தவறு நேரும். தவறு நேர்வதால்தான் அவை நேரில் நடப்பவை. 1956-ல் இத்தாலியின் கோர்த்தினாவில் ஜோதியோடு பனித்தளத்தில் வலம் வந்த ஸ்கேட்டிங் வீரர் குயிடோ கரோலி, தரையில் கிடந்த கம்பி தடுக்கி விழுந்தார். முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான விழா அது. அதற்கான ஏற்பாடுகளில் ஒன்றே அவரைத் தடுக்கிவிட்டது. ஜோதி அணையவில்லை. எழுந்து சென்று, ஒலிம்பிக் தீ எரியும் பெரிய கொப்பரையை ஏற்றினார். அதே விழாவில் ஜூலியானா ஷெனால் மினுத்ஸோ, ஒலிம்பிக் உறுதிமொழி எடுத்த முதல் பெண்ணானார் என்ற செய்தி அந்த விழுகையின் நிழலில் மறைந்துபோனது எனக்கு வருத்தம்தான்.

தொடக்க விழாவில் நேர்ந்த தவறுக்கு நிறைவு விழா பதில் சொன்ன இரண்டு நிகழ்வுகள் உண்டு. முதலாவது 2010 வான்கூவர். கூரை மூடிய உள்ளரங்கில் நடந்த தொடக்க விழாவில், தரைக்கு அடியிலிருந்து நான்கு பெரிய தூண்கள் சாய்வாக எழும்பிக் கொப்பரையைத் தாங்க வேண்டும். நான்கு பேர் நான்கு தூண்களில் தீ மூட்ட வேண்டும். மூன்று எழுந்தன, நான்காவது இயந்திரக் கோளாறால் எழவே இல்லை. அதன் முன் ஜோதியோடு நின்ற ஸ்கேட்டிங் வீராங்கனை கத்ரியோனா லெமே டோன், மற்ற மூவரும் தீ மூட்டுவதைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நிற்க நேர்ந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடை அது. பதினாறு நாட்களுக்குப் பின் நிறைவு விழா தொடங்கியபோது, கோமாளி வேடமிட்ட மின் பணியாளர் ஒருவர் தரையிலிருந்து வெளிப்பட்டு, இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தீப்பொறி பறக்க வைத்து, கயிற்றை இழுப்பதுபோல் பாவனை செய்து அந்த நான்காவது தூணை மேலே எழுப்பினார். லெமே டோன் மறுபடி அழைக்கப்பட்டார். தாம் ஏற்றியிருக்க வேண்டிய தீயை அப்போது ஏற்றினார்.

இதை நகைச்சுவை என்று மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு மேடையில் இழைக்கப்பட்ட குறையை அதே மேடையில் சரிசெய்தார்கள். எல்லாக் குறைகளையும் அப்படிச் சரிசெய்துவிட முடியாது என்பதற்கும் அதே வான்கூவர்தான் சாட்சி. தொடக்க விழா நடந்த அன்று பயிற்சியின்போது, ஜார்ஜியாவைச் சேர்ந்த 21 வயது வீரர் நோதார் குமாரிதாஷ்விலி, லூஜ் எனப்படும் சறுக்கு வண்டிப் போட்டியின் தடத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். அன்று இரவு அவருடைய அணியினர் கறுப்புப் பட்டையோடு நடந்து வந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. கொடிகள் அரைக்கம்பத்தில் இறங்கின. விழாவை அவருடைய நினைவுக்கு அர்ப்பணித்தார்கள். தடத்தின் வேகம் குறித்துப் பயிற்சிக் காலத்திலேயே வீரர்கள் கவலை தெரிவித்திருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. போட்டிக்கு முன் தடத்தை ஒருமுறைக்கு இருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பது நீளம் தாண்டும் குழியில் மணல் கொட்டும் எனக்கும் பொருந்தும் விதி.

இரண்டாவது நிகழ்வு 2014 சோச்சி. ஒளிரும் ஐந்து பனிச்செதில்கள் விரிந்து ஐந்து வளையங்களாக மாற வேண்டிய இடத்தில், ஐந்தாவது விரியாமல் செதிலாகவே நின்றது. ரஷ்யத் தொலைக்காட்சி ஒத்திகைக் காட்சியைச் சட்டென்று இடையே செருகித் தங்கள் நாட்டு மக்களுக்கு ஐந்து வளையங்களையும் காட்டிவிட்டது. மற்ற நாடுகள் நான்கைத்தான் பார்த்தன. நிறைவு விழாவில், வெள்ளி உடையணிந்த நடனக்காரர்கள் வளையங்களாகச் சுழன்று நின்றபோது, ஐந்தாவது கூட்டம் மட்டும் வேண்டுமென்றே குவியலாக நின்று, பார்வையாளர்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு வட்டமாக விரிந்தது. முதல் நாள் மறைத்ததைக் கடைசி நாள் தாங்களே சொல்லிச் சிரித்தார்கள். நானும் அன்று ரசித்துச் சிரித்தேன். அந்த நிறைவு விழா முடிந்த சில நாட்களுக்குள் கிரிமியாவில் படைகள் இறங்கிய செய்தி வந்தது. இப்போது அந்தக் காணொளியைப் பார்க்கும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

இந்தியாவைப் பொறுத்தவரை சோச்சி வேறு ஒரு காரணத்துக்காக நினைவில் நிற்க வேண்டிய போட்டி. நிர்வாகத் தேர்தல் தகராறுகளின் காரணமாக இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தது. அதனால் தொடக்க விழாவில் ஷிவா கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் ஆகிய மூவரும் மூவர்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது, “கொடியே இல்லாம எப்படி சார் உள்ளே விட்டாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். விட்டார்கள், ஆனால் நாட்டின் பெயர் சொல்லி அழைக்கவில்லை. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, பிப்ரவரி 11 அன்று, சர்வதேச ஒலிம்பிக் குழு தடையை நீக்கியது. நிறைவு விழாவில் ஹிமான்ஷு தாக்கூர் மூவர்ணக் கொடியோடு அரங்கத்துக்குள் வந்தார். அந்த விழாவை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? கொடியில்லாத அவமானத்தைப் பற்றித் தொலைக்காட்சி விவாதங்கள் நடத்திய அளவுக்கு, கொடி திரும்பி வந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் பிரதிநிதி, 1964 இன்ஸ்ப்ரூக்கில் மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் கலந்துகொண்ட, போலந்து வம்சாவளியைச் சேர்ந்த ஜெரமி புயகோவ்ஸ்கி. அன்றிலிருந்து நம் அணி விரல்விட்டு எண்ணும் அளவைத் தாண்டியதில்லை. மணாலியை ஒட்டிய மலையூரில் கேரளத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்து வளர்ந்த ஷிவா கேசவன், 1998 நாகானோவில் 16 வயதில் லூஜ் போட்டிக்கு வந்தார். 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டார். பனித்தடம் இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் பொருத்தி, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே மலைச்சாலையில் பயிற்சி செய்தவர் அவர். 2002 சால்ட் லேக் சிட்டியில் இந்திய அணி என்பதே அவர் ஒருவர்தான். 2022 பெய்ஜிங்கில் அந்த இடத்தில் காஷ்மீரின் ஆரிஃப் கான் நின்றார்.

பெய்ஜிங் தொடக்க விழா 2022 பிப்ரவரி 4 அன்று, சீன நாட்காட்டியில் வசந்தம் தொடங்கும் நாளில் நடந்தது. 2008 கோடைக்கால விழாவை இயக்கிய ஜாங் யிமூதான் இதையும் இயக்கினார். வழக்கமான பெரிய கொப்பரையைத் தவிர்த்துவிட்டு, நாடுகளின் பெயர் தாங்கிய செதில்கள் சேர்ந்து உருவான ஒரே பனிச்செதிலின் நடுவே, கடைசியாக வந்த கைஜோதியை அப்படியே செருகி வைத்தார். அவ்வளவுதான் தீ. பிரம்மாண்டத்துக்குப் பெயர் பெற்ற ஒருவர் எடுத்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் தூர்தர்ஷனில் அதைப் பார்க்க முடியவில்லை. கல்வான் மோதலில் காயமடைந்த சீனப் படை அதிகாரி ஒருவரை ஜோதி ஓட்டத்தில் சேர்த்ததைக் கண்டித்து, இந்தியத் தூதரக அதிகாரிகள் இரு விழாக்களையும் புறக்கணித்தார்கள். தூர்தர்ஷனும் இரண்டையும் நேரலை செய்யவில்லை. புறக்கணிப்பு நியாயமானது என்பதே என் கருத்தும். ஆயினும் அந்த விழாவில் நம் கொடியை ஏந்தி நடந்த ஆரிஃப் கான் ஒரு விளையாட்டு வீரர். அவரைச் சொந்த நாட்டின் அரசுத் தொலைக்காட்சி காட்ட முடியாமல் போனதற்குச் சீனத் தரப்பின் அந்தத் தேர்வுதான் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணிவகுப்பில் இந்தியா எப்போது வரும் என்று ஆங்கில அகரவரிசையை நம்பிக் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கிரேக்கம் முதலில், நடத்தும் நாடு கடைசியில். இடையில் உள்ளவை பெரும்பாலும் நடத்தும் நாட்டின் மொழி வரிசைப்படி வரும். கொரியாவில் கிரேக்கத்துக்கு அடுத்து கானா வந்தது. பெய்ஜிங்கில் எழுத்துகளின் கோட்டு எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தியதால் துருக்கி இரண்டாவதாக வந்தது. ஓரிருவர் கொண்ட அணி திரையில் நிற்கும் நேரம் கண் இமைக்கும் நேரம்தான். தண்ணீர் குடிக்க எழுந்து போனால் போயிற்று.

நிறைவு விழாவில் இந்த வரிசையே கிடையாது. கொடிகள் மட்டும் தனியாக வரும். வீரர்கள் நாடு பிரியாமல் கூட்டமாகக் கலந்து உள்ளே வருவார்கள். 1956 மெல்போர்ன் கோடைக்கால ஒலிம்பிக்கின்போது, ஜான் இயான் விங் என்ற சீன வம்சாவளி ஆஸ்திரேலிய இளைஞர், தச்சு வேலை பழகிக்கொண்டிருந்தவர், அமைப்பாளர்களுக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து பிறந்த வழக்கம் இது. குளிர்காலப் போட்டியில் வழக்கம் இன்னொன்றும் உண்டு. நெடுந்தூரப் பனிச்சறுக்கின் மிக நீளமான பந்தயத்துக்கான பதக்கங்களை நிறைவு விழா மேடையிலேயே வழங்குகிறார்கள். நார்வேயின் மாரித் பியோர்கன், பியோங்சாங்கின் கடைசி நாளில் 30 கி.மீ. பந்தயத்தை வென்று, தம்முடைய பதினைந்தாவது ஒலிம்பிக் பதக்கத்தை அப்படித்தான் பெற்றார். காலையில் உடம்பை உருக்கி வென்றதற்கு மாலையில் எல்லா நாட்டு வீரர்களும் கைதட்டுகிறார்கள். அதன்பின் ஒலிம்பிக் கொடி இறக்கப்படும், 1952-ல் ஒஸ்லோ நகரம் அன்பளிப்பாகக் கொடுத்த கொடியில் தொடங்கிய வழக்கப்படி ஒலிம்பிக் கொடி அடுத்து நடத்தும் நகரத்தின் கைக்கு மாறும், தீ அணையும்.

தீ அணைந்த பிறகு அந்த ஊர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை எந்த விழாவும் சொல்வதில்லை. 1984-ல் சரயேவோவின் நிறைவு விழா ஸெத்ரா என்ற உள்ளரங்கில் நடந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அந்நகரம் முற்றுகைக்குள் சிக்கியது. ஸெத்ரா குண்டுவீச்சில் சிதைந்தது. அதைச் சுற்றியிருந்த விளையாட்டு நிலம் இடுகாடாயிற்று. லில்லஹாமரில் தீயோடு பறந்திறங்கிய அந்த இரவில் முற்றுகை நீடித்துக்கொண்டிருந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் சமராஞ்ச் தொடக்க விழா மேடையிலேயே சரயேவோவுக்காக வேண்டுகோள் விடுத்தார். போருக்குப் பின் ஸெத்ராவை மீண்டும் கட்டினார்கள்.

2026 பிப்ரவரியில் இத்தாலி விழாக்களை வெவ்வேறு நகரங்களுக்குப் பகிர்ந்தளித்தது. தொடக்க விழா 6-ஆம் தேதி மிலானில், 1926-ல் திறக்கப்பட்ட சான் சீரோ கால்பந்து அரங்கில். நிறைவு விழா 22-ஆம் தேதி வெரோனாவில், கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய வட்ட அரங்கில். மிலானில் ஒரு கொப்பரை, சுமார் 400 கி.மீ. தள்ளிக் கோர்த்தினாவில் ஒரு கொப்பரை. இன்ஸ்ப்ரூக்கில் 1976-ல் இரண்டு கொப்பரைகளை ஏற்றியது உண்டு. அவை ஒரே நகரத்தில் இருந்தன. மலையில் போட்டியிடும் வீரர்கள் மிலானுக்கு வந்து போனால் உறக்கம் கெடும் என்பதால், அவரவர் தங்கியிருந்த மலையூர்களிலேயே அணிவகுப்பு நடத்தியது நல்ல ஏற்பாடு. நம் மாவட்டப் போட்டிகளிலும் அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் அதிகாலை இருட்டில் பேருந்து பிடித்து, அணிவகுப்பில் வெயிலில் நின்று, தங்கள் பந்தயம் வருவதற்குள் சோர்ந்துவிடுவதைப் பார்க்கிறவன் என்ற முறையில் அதை நான் மனதார ஆதரிக்கிறேன்.

புதிதாக எதுவும் கட்டாமல், இருந்த பழைய அரங்கிலேயே விழாவை முடித்ததும் சரியான முடிவே. கோடையில் இசை நாடகங்கள் நடக்கும் அந்த வெரோனா அரங்கம், பியோங்சாங்கின் ஐங்கோணத்தைப் போல மறுநாள் பிரித்தெடுக்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது 2030-ல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதியில் நடக்கிறது. சிறிய அணிகளின் வீரர்கள் தங்கள் பந்தயம் முடிந்த கையோடு ஊர் திரும்பிவிடுவதால், நிறைவு விழாவில் பல நாடுகளின் கொடிகளை உள்ளூர்த் தன்னார்வலர்களே ஏந்தி வருகிறார்கள். செலவு மிச்சம் என்பது புரிகிறது. இருந்தாலும் நம் அணிக்குப் பயணச் சீட்டு எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என்னுடைய வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரே ஒருவருக்காவது, நிறைவு விழாவுக்கு மறுநாள் புறப்படும் விமானத்தில் இடம் போடுங்கள்.